வேண்டாம் என்று சொல்ல முடிந்தவர் வைப்பதே விலை

பொருளாதாரம் என்ற சொல்லைக் கேட்டதுமே நம் தோழர்களில் பாதிப் பேருக்குக் கொட்டாவி வந்துவிடுகிறது. மீதிப் பேர், ‘அது முதலாளிகளோட சாஸ்திரம், நமக்கெதுக்கு?’ என்கிறார்கள். கூட்டம் போட்டால் சாதியைப் பற்றி மூன்று மணி நேரம் பேசுகிறோம். வன்கொடுமையைப் பற்றி, வழக்கைப் பற்றி, சிலையைப் பற்றிப் பேசுகிறோம். பேசத்தான் வேண்டும். ஆனால் அந்தக் கூட்டத்துக்கு வந்த பெண்கள் அன்றைய கூலியை விட்டுவிட்டு வந்திருக்கிறார்கள் என்பதை நாம் கணக்கில் எடுப்பதில்லை. பஸ் காசை எங்கே, என்ன வட்டிக்குப் புரட்டினார்கள் என்று கேட்பதுமில்லை. சாதி நம் மேல் விழுகிற அடி என்றால், அந்த அடி தினமும் விழுகிற இடங்கள் கூலி, வட்டி, வாடகை, விலை ஆகிய நான்கும்தான். கலவரம் எப்போதாவது வருகிறது. இவை நான்கும் பொழுது விடியும்போதே வாசலில் வந்து நிற்கின்றன.

அண்ணல் அம்பேத்கரை நாம் கையில் அரசியல் சட்டப் புத்தகத்தோடு நிறுத்தி வைத்திருக்கிறோம். அந்தச் சட்டத்துக்குக் கால் நூற்றாண்டுக்கு முன்பே அவர் எழுதியதெல்லாம் பொருளாதாரம். 1915-ல் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் எம்.ஏ. பட்டத்துக்கு அவர் எடுத்துக்கொண்ட பொருள் கிழக்கிந்தியக் கம்பெனியின் நிர்வாகமும் நிதியும். 1918-ல் இந்தியாவின் சிறு நிலவுடைமைகள் பற்றி எழுதினார். 1923-ல் லண்டனில் டி.எஸ்சி. பட்டம் பெற்றுத் தந்த ஆய்வு ரூபாயின் பிரச்சினையைப் பற்றியது. நாணயம் பற்றி விசாரிக்க வந்த ஹில்டன் யங் கமிஷன் முன்னால் போய் சாட்சியமும் சொன்னார். தண்ணீர் குடிக்க விடாமல் விரட்டப்பட்ட ஒருவர் ஏன் ரூபாயின் மாற்று மதிப்பை உட்கார்ந்து ஆராய்ந்தார்? குளத்துத் தண்ணீர் மறுக்கப்படுவது கண்ணுக்குத் தெரியும். காசு மறுக்கப்படுவது கண்ணுக்குத் தெரியாது. தெரியாததைத் தெரிய வைக்கக் கணக்கு வேண்டும்.

ரூபாய் நோட்டில் சாதி அச்சடிக்கப்படவில்லை. ஆனால் எந்தக் கையிலிருந்து எந்தக் கைக்குப் போகிறது என்பதைப் பொறுத்து அதன் பெறுமானம் மாறுகிறது. நாம் சொல்ல வருவது இது ஒன்றுதான். பாடப்புத்தகம் சொல்கிற பொருளாதார விதிகள் பொய்யல்ல. ஆனால் அவை எல்லாமே ஒரு நிபந்தனையின் மேல் நிற்கின்றன: வாங்குகிறவரும் விற்கிறவரும் இரண்டு பேருமே ‘வேண்டாம்’ என்று சொல்லிவிட்டு எழுந்து போகக் கூடியவர்களாக இருக்க வேண்டும். ஒருவர் மட்டும் போக முடியாதவர் என்றால், அந்த விலைக்குப் பெயர் வேறு.

ராஜபாளையத்து மாம்பழத்தை எடுத்துக்கொள்வோம். மலையடிவாரத் தோப்புகளில் காய் இறங்கும்போது மார்க்கெட்டில் வரத்து கூடுகிறது, விலை சரிகிறது. வரத்து குறைந்தால் ஏறுகிறது. தேவைக்கும் வரத்துக்கும் உள்ள இந்த உறவு ஒண்ணாம் பாடம். இரண்டாம் பாடத்தைப் புத்தகம் சற்று மெதுவாகச் சொல்கிறது. பழம் நாளைக்குள் அழுகிவிடும், வியாபாரி அடுத்த வாரம் வரை பொறுத்திருப்பார். அப்படியென்றால் விலையை யார் வைப்பார்? பொறுத்திருக்க முடிந்தவர்தான் வைப்பார். கிட்டங்கி வைத்திருக்கிறவருக்கும் தலைச்சுமையாகக் கொண்டுவந்து இறக்கியவருக்கும் ஒரே சந்தைதான். ஆனால் அங்கே இருவருக்கும் உள்ள நேரம் ஒன்றல்ல.

மாம்பழத்தைவிடச் சீக்கிரமாக அழுகுகிற சரக்கு ஒன்று இருக்கிறது. அது உழைப்பு. இன்றைக்கு விற்காத பழத்தை நாளைக்குப் பாதி விலைக்காவது தள்ளலாம். இன்றைக்கு விற்காத உழைப்பை நாளைக்கு விற்க முடியாது. அது பொழுது சாய்ந்ததும் செத்துப் போகிறது. வீட்டில் குதிர் இல்லாதவர், காணி நிலம் இல்லாதவர், இரண்டு நாள் உலையேற்றத் தாங்காதவர் தன் உழைப்பை விற்கப் போகும்போது எதிரே நிற்பவருக்கு அது தெரியும். தெரிந்துதான் கூலி சொல்கிறார். ‘இஷ்டம்னா வா, இல்லாட்டிப் போ’ என்ற வார்த்தையில் சுதந்திரம் இருப்பது போலத் தெரியும். போவதற்கு இடம் உள்ளவருக்கு மட்டும்தான் அது சுதந்திரம்.

கீழ்வெண்மணியை நாம் ஒவ்வொரு டிசம்பரிலும் நினைவுகூர்கிறோம். 1968 டிசம்பர் 25-ல் 44 பேரைக் குடிசையில் வைத்துக் கொளுத்தினார்கள். அவர்கள் கேட்டது என்ன? கூலியாகக் கூட அரைப்படி நெல். அரைப்படி நெல்லால் எந்த மிராசுதாரும் ஓட்டாண்டி ஆகிவிடப் போவதில்லை. அங்கே அவர்களைக் கலங்க வைத்தது நெல்லின் அளவு அல்ல. ‘இந்தக் கூலிக்கு வர மாட்டோம்’ என்று சேரி ஒன்றாகச் சொல்ல ஆரம்பித்ததுதான். தனித்தனியாக வேண்டாம் என்று சொல்ல முடியாதவர்கள் சேர்ந்து நின்று அதைச் சொல்வதற்குப் பெயர் சங்கம். அந்தச் சங்கத்துக்கு எதிராகத்தான் தீ வைத்தார்கள்.

நம் காலத்தில் நாமே கண்ட ஓர் உதாரணம் நூறு நாள் வேலை. 2005-ல் சட்டமாகி, 2006 பிப்ரவரியில் தமிழ்நாட்டில் ஆறு மாவட்டங்களில் தொடங்கி, 2008-க்குள் எல்லா மாவட்டங்களுக்கும் வந்தது. கண்மாய் வேலை ஒழுங்காக நடந்ததா, மரத்தடியில் உட்கார்ந்திருந்தார்களா என்று பட்டிமன்றம் நடத்தினார்கள். விஷயம் அதுவல்ல. ஊருக்குள்ளேயே இன்னொரு கூலி இருக்கிறது என்ற ஒன்று போதும். அதற்குக் கீழே யாரும் கூப்பிட முடியாது. ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பக்கம் கரும்பு வெட்டவும் களை எடுக்கவும் ‘ஆளே கிடைக்கலய்யா’ என்று பஸ்ஸில் ஏறினால் காதில் விழுந்தது. பழைய கூலிக்கு ஆள் கிடைக்கவில்லை என்பதுதான் அந்த வாக்கியத்தின் முழு வடிவம். உரத்துக்கு விலை ஏறினால், ‘உரம் திமிர் பிடித்துப் போச்சு’ என்று யாரும் சொல்வதில்லை. கூலி ஏறினால் மட்டும், ‘சேரிக்காரனுக்குத் திமிர்’ என்கிறார்கள். இந்த ஒரு வித்தியாசத்தில் பொருளாதாரமும் சாதியும் ஒன்றையொன்று சந்திக்கின்றன.

2025 டிசம்பரில் நாடாளுமன்றம் அந்தச் சட்டத்தின் இடத்தில் வேறு ஒரு சட்டத்தைக் கொண்டுவந்தது. நாள் கணக்கை 125 என்று உயர்த்தினார்கள். கூடவே, விதைப்பும் அறுவடையும் நடக்கிற காலத்தில் வருஷத்துக்கு 60 நாள் வேலையை நிறுத்தி வைக்கவும் வழி செய்தார்கள். தோழர்களே, இந்த இரண்டு எண்களில் எது பெரியது? 125 பெரியது என்று கணக்கு வாத்தியார் சொல்வார். கூலிக்காரப் பெண்ணிடம் கேளுங்கள். வயலில் ஆள் தேவைப்படுகிற அந்த 60 நாளில்தான் அவள் வாயில் ‘வேண்டாம்’ என்ற சொல்லுக்கு விலை உண்டு. சந்தை சூடாக இருக்கிற நாளில் அவள் கடையை மட்டும் பூட்டி வைப்பதுதான் இது.

கூலி ஏறியது என்று சொல்லும்போதும் ஏமாந்துவிடக் கூடாது. கூலி 100 ரூபாயாக இருந்தபோது அரிசி கிலோ 20 ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு நாள் உழைப்புக்கு அய்ந்து கிலோ. கூலி 110 ஆகிறது, அரிசி 25 ஆகிறது. இப்போது 4 கிலோ 400 கிராம்தான். கையில் பத்து ரூபாய் கூடியிருக்கிறது, பானையில் 600 கிராம் குறைந்திருக்கிறது. ரூபாய்க் கூலி வேறு, உண்மைக் கூலி வேறு. அண்ணல் 1920-களில் நாணய விவாதத்தில் பிடித்துக் காட்டியது இந்த இடத்தைத்தான். ரூபாயின் மதிப்பைக் குறைத்தால் ஏற்றுமதிக்கு நல்லது, நாட்டுக்கு லாபம் என்று வியாபாரிகள் வாதாடினார்கள். அந்த லாபம் வெளிநாட்டிலிருந்து கப்பலில் வந்து இறங்குவதல்ல, விலை ஏறியும் கூலி ஏறாமல் நிற்கிற உழைப்பாளியின் பானையிலிருந்து எடுக்கப்படுவது என்று அவர் காட்டினார். 1930-களிலிருந்து நூற்பாலைகளோடு வாழ்கிற ராஜபாளையத்துக்கு இது தூரத்துப் பாடம் அல்ல. சத்திரப்பட்டியில், சமுசிகாபுரத்தில் விசைத்தறிகளில் ஓடுகிற பேண்டேஜ் துணி எங்கெங்கோ உள்ள ஆஸ்பத்திரிகளில் புண்ணைக் கட்டுகிறது. டாலருக்கு எத்தனை ரூபாய் என்ற செய்தியைக் கேட்கும்போது, தறி ஓட்டுகிறவருடைய கூலிக்கு எத்தனை கிலோ அரிசி என்ற கேள்வியையும் சேர்த்துக் கேட்கப் பழக வேண்டும்.

இன்னொரு விதி. 1776-ல் ஆடம் ஸ்மித் எழுதினார்: அருவருப்பான வேலைக்கும் ஆபத்தான வேலைக்கும் கூலி கூடுதலாகத்தான் இருக்கும், இல்லாவிட்டால் அதைச் செய்ய யாரும் வரமாட்டார்கள். தூக்குப் போடுகிறவரின் வேலையைக்கூட அதற்கு உதாரணமாகக் காட்டினார். நியாயமான விதி. அப்படியானால் மலக்குழிக்குள் இறங்குகிறவர் நம் நகரத்திலேயே அதிகம் சம்பாதிக்கிறவராக இருக்க வேண்டும். சாக்கடை அள்ளுகிறவர் வீட்டில் கார் நிற்க வேண்டும். விடியற்காலையில் பஸ் ஏறி சிவகாசிப் பக்கம் பட்டாசு ஆலைகளுக்கு வேலைக்குப் போகிற பெண்களின் கூலியில், திரும்பி வராமல் போகக் கூடிய ஆபத்துக்கும் ஒரு விலை சேர்ந்திருக்க வேண்டும். சேர்ந்திருக்கிறதா?

ஸ்மித்தின் விதி ஏன் இங்கே தலைகீழாகிறது? அவர் மனதில் வைத்திருந்த தொழிலாளிக்கு வேறு வேலைக்குப் போக வழி இருந்தது. இங்கே ஒரு சாதிக்கு ஒரு வேலையை ஒதுக்கி, மற்ற கதவுகளை எல்லாம் சாத்தி வைத்தார்கள். கதவு சாத்திய அறைக்குள் ஆள் எப்போதும் உபரி. உபரி என்றால் விலை இறங்கும். 1936-ல் ‘சாதி ஒழிப்பு’ நூலில் அண்ணல் சொன்னது இதைத்தான்: சாதி செய்வது வேலையைப் பிரிப்பதோடு நிற்பதில்லை, வேலை செய்கிறவர்களையே பிரித்து மேல் கீழாக அடுக்குகிறது. ஒரு தொழில் நலிந்தால் இன்னொன்றுக்கு மாறவிடாததால் வேலையின்மைக்கும் அதுவே காரணமாகிறது. மனிதக் கழிவை மனிதர் அள்ளுவதை 1993-லும் 2013-லும் இரண்டு முறை சட்டம் போட்டுத் தடுத்தார்கள். சாத்திய கதவைத் திறக்காமல், உள்ளே இருப்பவரைப் பார்த்து ‘அந்த வேலையைச் செய்யாதே’ என்று சொல்கிற சட்டம் பாதிச் சட்டம்.

இனி வட்டி. கவுண்டருக்கு உள்ளே உட்கார்ந்திருக்கிறவன் என்ற முறையில் இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது. தினவட்டிக்காரர் 10,000 ரூபாய் கடன் என்று எழுதி, 1,500 ரூபாயை முதலிலேயே பிடித்துக்கொண்டு 8,500 கொடுக்கிறார். தினமும் 100 ரூபாய் வீதம் 100 நாள் கட்ட வேண்டும். ‘ஆயிரத்தைநூறுதானே, பதினஞ்சு பெர்செண்ட்தானே’ என்று வாங்குகிறவரும் நினைக்கிறார், படித்த பிள்ளைகளும் நினைக்கிறார்கள். நிதானமாகப் பாருங்கள். 8,500 ரூபாயும் 100 நாள் முழுக்க அவர் கையில் இருப்பதில்லை. முதல் நாளிலிருந்தே திரும்பிப் போய்க்கொண்டிருக்கிறது. அய்ம்பதாவது நாள் பாதிக்கு மேல் தீர்ந்துவிட்டது. தவிரவும், இது 100 நாளைக்கான வட்டி, வருஷத்துக்கானது அல்ல. இரண்டையும் சேர்த்துக் கணக்குப் போட்டால் வட்டி ஆண்டுக்கு 120 விழுக்காட்டைத் தாண்டுகிறது. அதே ஊரில் நகையை அடமானம் வைக்க முடிந்தவர் இதில் ஒரு சிறு பங்கு வட்டிக்கு வங்கியில் பணம் வாங்கிப் போகிறார். ஒரே ரூபாய், ஒரே ஊர். ஏழைக்குத்தான் பணம் விலை அதிகம்.

ஏன் என்று கேட்டால் பாடப்புத்தகம் பதில் வைத்திருக்கிறது: ஈடு இல்லாத கடனுக்கு ஆபத்து அதிகம், ஆபத்து அதிகமென்றால் வட்டி அதிகம். சரி, ஈடு ஏன் இல்லை? நிலம் இல்லை. நிலம் ஏன் இல்லை? இந்தக் கேள்வியோடு புத்தகம் மூடிக்கொள்கிறது. நாம் மூட முடியாது. செங்கல்பட்டு கலெக்டர் திரமென்ஹீர் பறையர் நிலைமை பற்றி அறிக்கை கொடுத்ததன் பேரில் 1892-ல் வெள்ளை அரசாங்கம் ஒடுக்கப்பட்டோருக்கு நிலம் ஒதுக்கியது. பத்து வருஷத்துக்கு விற்கக் கூடாது, அதன் பின்னும் ஒடுக்கப்பட்ட வகுப்பாருக்கே தவிர வேறு யாருக்கும் கைமாற்றக் கூடாது என்று நிபந்தனையும் போட்டது. அந்தப் பஞ்சமி நிலங்கள் எப்படிக் கைமாறின? ஒரு காய்ச்சலுக்கும் ஒரு கல்யாணத்துக்கும் வாங்கிய கடனில்தான் பல நிலங்கள் போயின. அதைத் திருப்பிக் கேட்ட காரணை மக்களுக்கு 1994 அக்டோபர் 10-ல் செங்கல்பட்டில் துப்பாக்கிச் சூடு கிடைத்தது. ஜான் தாமஸும் ஏழுமலையும் உயிரை விட்டார்கள். ஆகவே வட்டி விகிதம் என்பது வெறும் எண் அல்ல. நூறு வருஷத்து நில அபகரிப்பு இன்றைக்கும் தினம் நூறு ரூபாயாக வசூலாகிக்கொண்டிருக்கிறது.

கந்துவட்டியைத் தடுக்கத் தமிழ்நாட்டில் 2003-லேயே சட்டம் வந்தது. 2017 அக்டோபரில் நெல்லை கலெக்டர் அலுவலக வாசலில் ஒரு கூலித் தொழிலாளி மனைவியோடும் இரண்டு பெண் குழந்தைகளோடும் தீக்குளித்து மாண்டார். சட்டம் இருந்தது. மாற்றுக் கடன் இல்லை. மாற்று இல்லாத இடத்தில் சட்டப் புத்தகம் வெறும் காகிதம்.

வங்கிகள் 1969-ல் நாட்டுடைமை ஆனபோது, ஈடு இல்லாதவருக்கும் கடன் என்பதுதான் வாக்குறுதி. 1972-ல் 4 விழுக்காடு வட்டியில் ஏழைகளுக்குக் கடன் என்ற திட்டம் வந்தது. வங்கி முந்தைய ஆண்டு கொடுத்த மொத்தக் கடனில் 1 விழுக்காடு இதற்குப் போக வேண்டும், அதில் 40 விழுக்காடு தலித், பழங்குடி மக்களுக்கு என்று விதி எழுதினார்கள். கல்விக் கடனில் 4 லட்சம் வரை சொத்து ஈடு கேட்கக் கூடாது என்பதும் விதி. 2025 ஜனவரியிலிருந்து விவசாயக் கடனில் 2 லட்சம் வரை ஈடு கேட்கக் கூடாது என்று ரிசர்வ் வங்கி சொன்னது. இந்த விதிகள் கவுண்டருக்கு இந்தப் பக்கம் இருப்பவர்களுக்குத் தெரியும், அந்தப் பக்கம் நிற்பவர்களுக்குத் தெரியாது. ‘அப்படியெல்லாம் கிடையாதும்மா’ என்ற ஒரு வார்த்தைக்கு மேலே கேட்கத் தெரியாமல் திரும்பிப் போகிறார்கள். தெரிந்திருப்பதும் ஒரு மூலதனம்தான். அது ஒரு பக்கமே குவிந்து கிடக்கிறது.

ஸ்ரீவில்லிபுத்தூருக்கு வருவோம். அரசு முத்திரையில் உள்ள கோபுரம் எங்க ஊர்க் கோபுரம்தான் என்று ஊர் பெருமைப்படும். அடுத்த பெருமை பால்கோவா. 2019-ல் அதற்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. பாலும் சர்க்கரையும் அடுப்பும்தான் அதில் உள்ளவை. ஆனாலும் வெறும் பாலுக்கு இல்லாத விலை ஊர்ப் பெயருக்கு உண்டு. பால் கறப்பவருக்குப் பால் விலை, அடுப்பு முன்னால் வெந்து கிண்டுகிறவருக்குக் கூலி, பெயர் வைத்திருப்பவருக்கு லாபம். மதிப்பு கூடுவதும் அது பங்காவதும் இப்படித்தான். எந்தப் படியில் நிற்கிறோம் என்பதுதான் எவ்வளவு கிடைக்கும் என்பதைத் தீர்மானிக்கிறது.

முதல் படியைப் பாருங்கள். சேரியில் ஒரு பெண் கடன் வாங்கி ஒரு மாடு பிடிக்கிறாள். மாடு தின்ன வேண்டும். புல் யாருடைய வரப்பில் இருக்கிறது? அவளுக்கு வரப்பு இல்லை. கறந்த பால் பொதுக் கேனில் கலந்த பிறகு எந்தத் தெருப் பால் என்று யாருக்கும் தெரியாது. கொழுப்புச் சத்து அளக்கிற கருவிக்குச் சாதி தெரியாது. அதே பாலில் போட்ட டீயைக் குடிக்கப் போனால் கிளாஸ் தனி என்று வைத்திருந்த கிராமங்களை இந்தத் தெற்கத்திச் சீமை கண்டிருக்கிறது. கொடுக்கிற காசு ஒன்று, கிளாஸ் வேறு. பொருளுக்கு விலை ஒன்றாக இருந்தும் வாங்குகிறவருக்குக் கிடைப்பது ஒன்றாக இல்லை என்றால், அந்தக் காசின் மதிப்பே வேறு என்றுதானே அர்த்தம்?

இது வியாபாரிக்கு நஷ்டம்தானே, ஆகையால் தானாகவே மறைந்துவிடும் என்று ஒரு வாதம் உண்டு. அமெரிக்காவின் கேரி பெக்கர் 1957-ல் பாகுபாட்டின் பொருளாதாரம் பற்றி எழுதியதிலிருந்து வருவது அது. பாகுபாடு பார்க்கிறவர் நல்ல தொழிலாளியையும் நல்ல வாடிக்கையாளரையும் இழக்கிறார், பார்க்காதவர் லாபம் சம்பாதிக்கிறார், ஆகவே போட்டி வந்தால் பாகுபாடு தேயும். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. அப்படியானால் ஒரு டீக்கடைக்காரர் நாளைக்கே தனிக் கிளாஸைத் தூக்கி எறிந்துவிட்டு இரண்டு தெருக் காசையும் அள்ளிவிடலாமே, ஏன் செய்யவில்லை? இதற்குப் பதில் சொன்னவர் இன்னொரு அமெரிக்கர், ஜார்ஜ் அகெர்லாஃப். 1976-ல் சாதியின் பொருளாதாரம் பற்றியே ஒரு கட்டுரை எழுதினார். விதியை மீறுகிறவரை மற்றவர்கள் எல்லோரும் சேர்ந்து ஒதுக்குவார்கள் என்ற பயம் இருக்கும்வரை, மீறுவதால் வரும் லாபத்தைவிட ஒதுக்கப்படுவதால் வரும் நஷ்டம் பெரியது. மனசுக்குள் சாதி பார்க்காதவர்கூட வெளியே பார்ப்பார். சந்தை எவ்வளவு நாள் நடந்தாலும் சாதி அப்படியே இருக்கும். அவர் கணக்குப் போட்டுச் சொன்னதை நம் கிழவிகள் ஒரே வார்த்தையில் சொல்வார்கள்: ஊர்க்கட்டுப்பாடு.

ஊர்க்கட்டுப்பாடு என்பது பொருளாதார ஆயுதம். வழக்குப் போட்டார்கள், தேரைத் தொட்டார்கள், செருப்புப் போட்டு நடந்தார்கள் என்று தெரிந்த மறுநாள் என்ன நடக்கும்? வேலைக்குக் கூப்பிட மாட்டார்கள். வரப்பில் புல் அறுக்கக் கூடாது. கடையில் சாமான் கிடையாது. ஒரு அடிகூட விழாமல் ஒரு தெருவையே ஒரு வாரத்தில் மண்டியிட வைக்கலாம். வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் 1989-ல் வந்தது. சமூகப் புறக்கணிப்பும் பொருளாதாரப் புறக்கணிப்பும் குற்றம் என்று அதற்குள் வெளிப்படையாக எழுத 2015 திருத்தம் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. எத்தனை வழக்குகளில் நம் வழக்கறிஞர்கள் அந்தப் பிரிவைச் சேர்க்கிறார்கள் என்று தோழர்கள் விசாரித்துப் பாருங்கள்.

இதே கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கொடியங்குளத்தைப் பாருங்கள். 1995 ஆகஸ்ட் 31-ல் நூற்றுக்கணக்கான போலீசார் அந்த ஊருக்குள் புகுந்தார்கள். எதை உடைத்தார்கள்? டி.வி., தையல் மெஷின், டிராக்டர். எதைக் கொளுத்தினார்கள்? பாஸ்போர்ட், படிப்புச் சான்றிதழ். குடிதண்ணீர்க் கிணற்றில் விஷத்தைக் கலந்தார்கள். வளைகுடாவுக்குப் போய்ச் சம்பாதித்த பணத்தில் கொஞ்சம் தலை நிமிர்ந்த ஊர் அது. ஒவ்வொரு பொருளும் ‘உன் வயலுக்கு நான் வர வேண்டிய அவசியமில்லை’ என்று சொல்லக் கூடிய பொருள். பாஸ்போர்ட் சொல்லும், சான்றிதழ் சொல்லும், தையல் மெஷினும் சொல்லும். உடைத்தவர்களுக்கு அவற்றின் பொருளாதார அர்த்தம் நன்றாகத் தெரிந்திருந்தது. நமக்குத்தான் இன்னும் முழுதாகத் தெரியவில்லை.

‘காசு வந்துவிட்டால் சாதி போய்விடும்’ என்று ஒரு சாரார் சொல்கிறார்கள். கொடியங்குளம் அதற்குப் பதில். படித்து முடித்துப் போனாலும், பெயரைப் பார்த்தே கதவு சாத்தப்படுகிறது. 2007-ல் சுகதேவ் தோரட்டும் பால் அட்டவெலும் ஒரே தகுதியோடு வெவ்வேறு பெயர்களில் தனியார் கம்பெனிகளுக்கு விண்ணப்பம் அனுப்பிப் பார்த்தார்கள். தலித் பெயருக்கு அழைப்பு குறைவாக வந்தது. ‘சாதி ஒழியட்டும், பிறகு காசைப் பார்க்கலாம்’ என்று இன்னொரு சாரார். கூலியும் நிலமும் கடனும் அவர் கையில் இருக்கும்போது சாதி எப்படி ஒழியும்? இரண்டும் ஒரே கயிற்றின் இரண்டு புரி. ஒன்றைப் பிரிக்காமல் மற்றதை அவிழ்க்க முடியாது.

ஆகவே இந்த இதழ் தோழர்கள் முன்னால் சில வேலைகளை வைக்கிறது. மாணவர்கள் கோடை விடுமுறையில் தத்தம் தெருவில் வீடு வீடாகப் போய் மூன்று கேள்வி கேட்டு எழுதுங்கள்: ஆணுக்கும் பெண்ணுக்கும் இன்றைய கூலி என்ன, யாரிடம் என்ன வட்டிக்குக் கடன் இருக்கிறது, தாத்தா காலத்தில் இருந்த நிலம் இப்போது யார் பெயரில் இருக்கிறது. தினவட்டிக் கணக்கைத் தெருவில் சுவரில் எழுதிப் போட்டு விளக்குங்கள். பத்தாம் வகுப்புப் பிள்ளைக்குப் புரியும். கடன் விண்ணப்பத்தை வாயால் கேட்காதீர்கள். எழுதிக் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கு ரசீது வாங்குங்கள். மறுத்தால் மறுத்த காரணத்தை எழுத்தில் கேளுங்கள். கிராம சபையில், நம் மக்கள்தொகைக்கு ஏற்ற நிதி எங்கே போனது என்று வரவு செலவைக் கையில் வைத்துக்கொண்டு கேளுங்கள். 2011 கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் நூற்றுக்கு இருபது பேர் நாம். அந்த இருபதுக்கு உரிய பங்கைத் தனியாக ஒதுக்க வேண்டும் என்ற கொள்கை 1979 முதல் இருக்கிறது. ஒதுக்கியதைச் செலவழித்தார்களா என்று கேட்க, கூட்டல் கழித்தல் தெரிந்தால் போதும்.

இயக்கம் என்பது மேடையில் கேட்கிற குரல் மட்டும் அல்ல. ஒரு பெண் விடிகாலையில், ‘இந்தக் கூலிக்கு வரலய்யா’ என்று சொல்லிவிட்டு, அன்றைக்கும் அடுப்பு எரிவதற்கு வழி இருப்பதுதான் இயக்கம். அதற்குக் கொஞ்சம் நிலம், கொஞ்சம் நெல், குறைந்த வட்டியில் கொஞ்சம் கடன், சேர்ந்து நிற்க நாலு பேர், கணக்குத் தெரிந்த ஒரு பிள்ளை வேண்டும். அந்தப் பிள்ளை நீங்கள்தான். நோட்டையும் பென்சிலையும் எடுங்கள்.